பல இணையதளங்களுக்கு ஒரே அடித்தளம்

நீலகிரி மாவட்டக் கூடலூரிலிருந்து நிலம்பூர் செல்லும் மலைப்பாதையில் கேரள எல்லையை ஒட்டி நாடுகாணி அமைந்திருப்பதால், மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து மாற்றப்படும்போது, அந்த அறிவிப்பு இரு மாநில மக்களையும் பிழையின்றி உடனே சென்றடைய வேண்டியிருக்கிறது. இத்தகைய அறிவிப்புகளை எழுதி, திருத்தி, இணையத்தில் வெளியிட உதவும் மென்பொருளே உள்ளடக்க மேலாண்மை அமைப்பு எனப்படுகிறது. பெரிய நிறுவனங்களில் ஒவ்வொரு பிரிவும் தனித்தனி மென்பொருளை வாங்கிக்கொள்ளும்போது, ஓரிடத்தில் திருத்தப்பட்ட செய்தி மற்றோரிடத்தில் பழையபடியே நிற்பதோடு, பாதுகாப்புக் குறைகளையும் தனித்தனியாகவே சரிசெய்ய நேர்கிறது.

1976இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம், இத்தகைய சிக்கல்களைத் தவிர்க்கும் வகையில் அரசு இணையதளங்களுக்காக ‘எஸ்3வாஸ்’ என்னும் பொதுக் கட்டமைப்பை உருவாக்கியது. நீலகிரி உட்படப் பல மாவட்டங்களின் இணையதளங்கள் இதன்மீதே இயங்குகின்றன. பக்க வடிவமைப்பு, பாதுகாப்பு, மாற்றுத்திறனாளிகள் எளிதில் படிப்பதற்கான வசதி ஆகிய யாவும் பொதுவாக அமைந்துவிடுவதால், உதகையிலுள்ள மாவட்ட நிர்வாகம் தன் செய்திகளில் மட்டும் கவனம் செலுத்த முடிகிறது என்பதே இதன் பெரும் பயன். ஆயினும் ஒவ்வொரு செய்திக்கும் பொறுப்பாளர் யார், அது எப்போது நீக்கப்பட வேண்டும் என்பவற்றை மென்பொருள் தானாக முடிவு செய்யாது. அவற்றை அலுவலகமே முன்கூட்டி வகுத்தாக வேண்டும். பொதுத் தளம் பழுதுபட்டால் அதனைச் சார்ந்த இணையதளங்கள் அனைத்தும் ஒருசேர முடங்கக்கூடும் என்பதால், மாற்றுச் சேவையகங்கள் வேறோர் ஊரிலும் ஆயத்தமாக இருப்பது இன்றியமையாதது.