விலை இறங்கும், தீனி இறங்காது

சென்ற மாதம் இலண்டனிலிருந்து என் தமக்கையின் மகன் எழுதியிருந்தான். செல்வர் ஒருவர் ஆறு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஆடம்பர மோட்டார் வண்டியொன்று, அன்றைய விலையின் மூன்றிலொரு பங்குக்குக் கிடைக்கிறதாம். படமும் அனுப்பியிருந்தான். வீட்டுக்கெனச் சேர்த்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து அதனை வாங்கலாமா என்பது அவன் வினா.

எனக்கு முதலில் வியப்பே உண்டாயிற்று. நம் நாட்டிலே அந்நியச் செலாவணியைக் காக்கவென 2020ஆம் ஆண்டில் மோட்டார் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் தடை நீங்கும்வரை, பழைய வண்டிகள் பல வாங்கிய விலைக்கு மேலும் விலைபோயின. வண்டியைச் சேமிப்பாகவே எண்ணிப் பழகிய நமக்கு, அதன் பெறுமதி பனிக்கட்டிபோல் உருகுவது எளிதில் விளங்குமோ?

காரணத்தை ஆராய்ந்தேன். இங்கிலாந்திலே இத்தகைய வண்டிகளிற் பல, நிறுவனங்களுக்கோ தனியாருக்கோ இரண்டு மூன்று ஆண்டுக் குத்தகையிற் கொடுக்கப்படுகின்றன. தவணை முடிந்ததும் அவை வரிசையாய்ச் சந்தைக்கு வருகின்றன. புதியதை வாங்க வல்லவர் பழையதை நாடார். பழையதை நாடுவோர்க்கோ அதனைப் பேணும் வசதி இராது.

பேணுவதிலேதான் சூட்சுமம் உள்ளது. 1998இல் வெளிவந்த மெர்ஸிடஸ் பென்ஸ் எஸ் வகை வண்டியை நோக்குக. இரும்புச் சுருள்வில்லுக்குப் பதிலாகக் காற்றடைத்த தாங்கிகள் அதனைத் தாங்கின. ஏறிச் செல்வோர்க்குப் பஞ்சணையின் சுகம். ஆனால், ஆண்டுகள் செல்ல றப்பர் வெடித்துக் காற்றுக் கசியும். மாற்ற வேண்டிய தாங்கியின் விலையோ புது வண்டியின் தரத்துக்கு ஏற்பவே அமையும். வண்டியின் விலை பாதியாகிய பின்னும் உதிரிப்பாகத்தின் விலை பாதியாவதில்லை.

விற்பவன் அறிந்த குறையை வாங்குபவன் அறியான் என்னும் ஐயமும் விலையைத் தாழ்த்துகின்றது. பழைய வண்டிச் சந்தையை எடுத்துக்காட்டி இதனை 1970இல் விளக்கிய அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜோர்ஜ் அகர்லொவ், 2001இல் நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

மருமகனுக்குப் பதில் எழுதினேன்: "தம்பி, யானை மலிவாய்க் கிடைக்கலாம், அதற்குத் தீனி மலிவாய்க் கிடையாது. ஓராண்டுத் திருத்தச் செலவையும் காப்புறுதியையும் முதலில் விசாரித்தறி. அதன்பின்பும் வீட்டுப் பணம் மிஞ்சுமாயின் உன் விருப்பம்."

மறுமொழி இன்னும் வரவில்லை. அவன் அனுப்பிய படத்தை நானும் இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்த்தேன் என்பதை மட்டும் அவனுக்கு எழுதவில்லை.