முகூர்த்த மேடை முதல் சிமெண்ட் ஆலை வரை: வீடியோ கேமரா தேர்வின் அறிவியல்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வீடியோ கலைஞர்களுக்கு இரண்டு வகை வேலைகள் வருகின்றன. ஒன்று விழா: கல்யாணம், காதணி விழா, மஞ்சள் நீராட்டு, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திருவிழா, கங்கைகொண்ட சோழபுரத்து ஆடித் திருவாதிரை. மற்றொன்று நிறுவனப் பணி: அரியலூரைச் சுற்றியுள்ள சிமெண்ட் ஆலைகள், நாரணமங்கலம் டயர் தொழிற்சாலை, எறையூர் சர்க்கரை ஆலை, கல்லூரிகள் போன்ற இடங்களில் எடுக்கப்படும் பயிற்சிப் படங்களும் ஆண்டு விழாப் பதிவுகளும். விழாவில் தவறவிட்ட காட்சியை மறுபடி எடுக்க முடியாது. படப்பிடிப்புக்காக ஆலையின் உற்பத்தியை நிறுத்தவும் முடியாது. எனவே குறைந்த முதலீட்டில் வாங்கும் கேமராவிடம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது, நின்றுபோகாத பதிவு.

கேம்கார்டரா, மிரர்லெஸ்ஸா?

மிரர்லெஸ் கேமராவின் பலம் அதன் பெரிய சென்சார். பின்னணி மங்கி, முகம் துலங்கும் படம் அதில் எளிதில் கிடைக்கும். பாட்டுக்கேற்பத் தொகுக்கும் குறும்பதிவுகளுக்கு அது போதும். மூன்று மணி நேரச் சடங்கை விடாமல் பதிய கேம்கார்டரே நம்பகமானது. மிரர்லெஸ் உள்ளிட்ட பல ஸ்டில் கேமராக்கள் நெடுங்காலம் 29 நிமிடம் 59 நொடியில் பதிவை நிறுத்திவந்தன. அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து பதியும் கருவியை வீடியோ கேமராவாகக் கருதி ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் சுங்கவரி விதித்ததே அதற்குக் காரணம். புதிய மாடல்கள் பலவற்றில் இந்த வரம்பு நீங்கிவிட்டது. சூட்டுப் பிரச்சினை நீங்கவில்லை. 4கே பதிவின்போது சென்சாரும் செயலியும் சூடேறும். சிறிய உடலுக்குள்ளிருந்து வெப்பம் வெளியேற வழி குறைவு. பெரும்பாலான கேமராக்களுக்குக் கையேட்டில் குறிக்கப்படும் மேல் வரம்பு 40 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் பந்தலுக்கு வெளியே அந்த அளவை எட்டுவது இங்கே அரிதல்ல.

சென்சாரும் லென்ஸும்

சென்சார் பெரிதானால் அது வாங்கும் ஒளியும் கூடும். 2014இல் வந்து தமிழகக் கல்யாணங்களில் பரவலாகப் புழங்கிய சோனி எம்சி2500 தோள் கேமராவில் இருப்பது கால் அங்குல சென்சார். பரப்பு ஏறக்குறைய 10 சதுர மில்லிமீட்டர். ஒரு அங்குல சென்சார் என்று அழைக்கப்படுவதன் அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், அதாவது பரப்பு சுமார் 116 சதுர மில்லிமீட்டர். விடியுமுன் வரும் முகூர்த்தத்தில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ஒளி போதாதபோது கேமரா மின்சிக்னலைப் பெருக்குகிறது; இந்தப் பெருக்கமே கெயின். 6 டெசிபெல் கூட்டினால் சிக்னல் இரட்டிப்பாகும், கூடவே இரைச்சலும் இரட்டிப்பாகும். பட்டுப் புடவையின் கரும்பகுதிகளில் புள்ளிபுள்ளியாகத் தெரிவது அந்த இரைச்சல்தான்.

பெரிய சென்சாரில் ஃபோகஸ் தப்புவதும் எளிது. தாலி கட்டும் நேரத்தில் அட்சதை தூவும் கைகள் லென்ஸுக்கு முன்னால் குறுக்கிடும். தெளிவை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய ஆட்டோ ஃபோகஸ் அப்போது முன்னும் பின்னும் தேடி அலையும். கட்ட வேறுபாட்டை அளக்கும் ஆட்டோ ஃபோகஸோ எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பதை உடனே கணித்துவிடும். 2017இல் வந்த சோனி என்எக்ஸ்80, இசட்90 ஆகிய இரண்டிலும் ஒரு அங்குல சென்சாருடன் இந்த வசதி உண்டு.

சென்சார் பெரிதானால் அதே உடலளவில் நீண்ட ஜூம் வைப்பது கடினம். இசட்90இன் ஜூம் 12 மடங்கு, 1/2.3 அங்குல சென்சார் கொண்ட கேனன் எக்ஸ்ஏ40இன் ஜூம் 20 மடங்கு. மண்டபத்துக்கு முதலாவது உகந்தது. கூட்டத்துக்குப் பின்னால் நின்று தேரோட்டம் எடுக்க இரண்டாவது உதவும். ஒப்பிட வேண்டியது ஆப்டிகல் ஜூமை மட்டுமே; டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. வெட்டவெளி வேலைக்கு உள்ளமைந்த என்டி ஃபில்டரும் தேவை. அது ஒளியை 1/4, 1/16, 1/64 எனக் குறைத்து, ஷட்டர் வேகத்தை மாற்றாமலே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துகிறது.

விளக்கின் துடிப்பு

இந்திய மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேம் வைத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமும் சம அளவு ஒளி பெறும். 1/60இல் வைத்தால் ஆலைக் கூடத்தின் சுவர் படத்தில் மினுக்கும். மேடைக்குப் பின்னாலுள்ள எல்இடி திரைகளின் துடிப்பு வேறு வகை. அதில் விழும் பட்டைக் கோடுகளைப் போக்க, ஷட்டரை மிக நுணுக்கமாக மாற்றும் வசதி வேண்டும்.

ஒலி

கெட்டிமேளம் ஒலிக்கும் கணத்தில் ஒலியளவு திடீரென எகிறும். தானியங்கி ஒலிக் கட்டுப்பாடு அதை அமுக்கிவிட, அடுத்து வரும் மந்திரமும் பேச்சும் சில நொடிகளுக்கு அமுங்கியே கேட்கும். எக்ஸ்எல்ஆர் உள்ளீடு இரண்டு இருந்தால் தீர்வு உண்டு: ஒரே மைக்கின் ஒலியை இரண்டு தடங்களில் பதிந்து, இரண்டாவதை 10 முதல் 12 டெசிபெல் தாழ்த்தி வைக்கலாம். முதல் தடம் சிதைந்தாலும் இரண்டாவது காப்பாற்றும். எக்ஸ்எல்ஆர் கேபிளில் எதிரெதிர்த் துருவங்களாகச் செல்லும் சிக்னல்கள் வழியில் சேரும் மின்இரைச்சலைக் கழித்துவிடுகின்றன. மோட்டார்கள் ஓடும் ஆலைகளில் இதன் அருமை தெரியும்.

கார்டும் கேபிளும்

பதிவு வேகம் நொடிக்கு 28 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 12.6 ஜிபி இடம் வேண்டும். 100 மெகாபிட் என்றால் 45 ஜிபி. மாலை வரவேற்பும் காலை முகூர்த்தமுமாக எட்டு மணி நேரம் எடுத்தால் முதலாவது 100 ஜிபி அளவில் முடியும். இரண்டாவது 360 ஜிபியைத் தொடும். வாடிக்கையாளர் 4கே கேட்கவில்லை என்றால் முழு எச்டி பதிவே போதும். இரண்டு கார்டு துளைகளும், இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும் வசதியும் கட்டாயம் வேண்டும்.

மண்டபத் திரைக்கு நேரலை கொடுப்பதானால் எஸ்டிஐ வெளியீட்டையும் பார்க்க வேண்டும். சாதாரண எச்டிஎம்ஐ கேபிளில் சுமார் 15 மீட்டருக்கு மேல் சிக்னல் நம்பகமாகப் போகாது. தரமான எஸ்டிஐ கேபிள் முழு எச்டி படத்தைப் பல பத்து மீட்டர் கொண்டுசெல்லும். இசட்90இல் எஸ்டிஐ உண்டு, என்எக்ஸ்80இல் இல்லை. மிக்ஸிங் வேலை எடுக்காதவர் அந்தக் கூடுதல் விலையை மிச்சப்படுத்தலாம்.

தூசி

சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் ஆலையும் தூசி நிறைந்தவை. சிமெண்ட் தூள் ஈரம் பட்டால் இறுகும்; காரத்தன்மையும் கொண்டது. லென்ஸைக் கழற்றி மாற்றும் கேமராவில் அந்தத் தூள் சென்சார் வரை போய்விடும். லென்ஸ் உடலோடு சேர்ந்த கேம்கார்டரில் அந்தக் கவலை குறைவு. முன்கண்ணாடிக்கு ஒரு யூவி ஃபில்டர் மாட்டி, தூளைத் துடைக்காமல் முதலில் ஊதி அகற்ற வேண்டும். ஈரத் துணியால் தேய்த்தால் கீறல் நிச்சயம்.

பணத்தைப் பங்கிடுதல்

கையிலுள்ள தொகை முழுவதையும் கேமராவிலேயே போட்டுவிடக் கூடாது. உறுதியான ஸ்டாண்டு, காலர் மைக், ஹெட்ஃபோன், மாற்று பேட்டரி, கார்டுகள் ஆகியவற்றுக்கு முதலிலேயே ஒரு பங்கை ஒதுக்க வேண்டும். பழைய கேமரா வாங்குவோர் லென்ஸ் மூடியைப் போட்டபடி கெயினைக் கூட்டிப் பதிந்து, பெரிய திரையில் பார்க்கலாம். பழுதான பிக்சல்கள் வெண்புள்ளிகளாகத் தெரிந்துவிடும். ஜூமை முழுதாக இழுத்துப் பார்ப்பதும், எல்லா உள்ளீடுகளிலும் ஒலி வாங்கிப் பார்ப்பதும், ஒரு கார்டு நிறையும் வரை விடாமல் ஓடவிடுவதும் கட்டாயச் சோதனைகள். புதிது வாங்குவோர் அதே மாடலை ஒரு முகூர்த்தத்துக்கு வாடகைக்கு எடுத்து வேலை செய்து பார்த்த பிறகு முடிவெடுப்பது நல்லது. ரசீதும் உத்தரவாதமும் இல்லாமல் மலிவாகக் கிடைப்பதைத் தவிர்க்க வேண்டும். சீசன் நடுவில் கேமரா பழுதுபட்டால், மிச்சம் பிடித்த பணம் கைவிட்டுப்போன ஒரே கல்யாணத்துக்குக்கூட ஈடாகாது.