மனக்கவலைக்குத் தொலைபேசி வழி ஆலோசனை

நம் வட்டாரத்துக் கிராம சபைக் கூட்டமொன்றில் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணைப் பற்றி நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் எழுந்தார். "போனிலே பேசிவிட்டால் பட்ட கடன் அடைந்துவிடுங்களா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது, நாமும் சிரித்துவிட்டோம். சிரித்திருக்கக் கூடாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு விடை கூறாமல் இத்திட்டத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

கடன் அடையாது. அறுவடைக்கு நின்ற நெல்லைச் சாய்த்த மழையும் பேச்சினால் திரும்பிப் போகாது. ஆனால் பத்து இரவுகளாகக் கண் மூடாத ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பயிர்க் காப்பீட்டில் சில வகை இழப்புகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும், அவர் தெரிவிப்பதில்லை. கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்த் தவணையை மாற்றித் தரும்படி கேட்பதில்லை. வந்த கடிதத்தைப் பிரிப்பதுமில்லை. கடன் ஒரு பங்கு அழுத்தினால், செயலற்றுப்போன மனம் மற்றொரு பங்கு அழுத்துகிறது. அந்த இரண்டாம் பங்கைக் குறைப்பதற்கே ஆலோசனை பயன்படுகிறது.

கவலை கடன் ஒன்றினால் மட்டும் வருவதன்று. மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டபின் தனித்திருக்கும் தந்தை, மனைவியை இழந்த முதியவர், புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த பெண், தலைமுறையாக உழுத நிலத்தை விற்றுவிட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவர் ஆகியோரையும் நாம் காண்கிறோம். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, காரணமற்ற சினம், மனிதரைக் கண்டால் ஒதுங்குதல், குடி மிகுதல் ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உதவி தேட வேண்டும். "நான் இருந்து யாருக்கு என்ன பயன்?" என்று ஒருவர் சொல்லிவிட்டாலோ, ஒரு நாளும் காத்திருத்தல் ஆகாது.

மத்திய அரசு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள், உலக மனநல நாளன்று, 'டெலி மனஸ்' என்ற பெயரில் இந்தச் சேவையைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை என வழங்குகிறது. பகலும் இரவும் இயங்கும். சாதாரணக் கைபேசியிலிருந்தும் பேசலாம், கட்டணமில்லை. மொழியைத் தேர்ந்தெடுத்ததும், பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் தமிழிலேயே பேசுவார். அவர் பெரும்பாலும் கேட்பார். சொல்பவரே தம் தொல்லையை வரிசைப்படுத்திக்கொள்ள உதவுவார். மருந்து தேவைப்படும் நிலையென்று தோன்றினால், மனநல மருத்துவரிடம் இணைப்பு தரப்படும். அல்லது மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் மருத்துவமனைக்கு வழி காட்டப்படும். 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் காணொளி ஆலோசனையும் சேர்க்கப்பட்டது. திரையில் மருத்துவரைக் கண்டு பேசுவது நம் சிற்றூர்களுக்கு முற்றிலும் புதிதன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010-ஆம் ஆண்டளவிலேயே ஸ்கார்ஃப் நிறுவனம் பேருந்தொன்றில் கருவிகளை ஏற்றிச் சென்று இதனைச் செய்து வந்தது.

ஓர் எச்சரிக்கை. ஒருவர் தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்ட நிலையில் அழைக்க வேண்டிய எண் 108 ஆகும்; 14416 அன்று. முதலில் உயிர், பிறகு ஆலோசனை.

இனி நம் தவறுகளைச் சொல்ல வேண்டும். முதல் முயற்சியில், 'மனநல ஆலோசனை முகாம்' என்று ஒலிபெருக்கி கட்டிய வண்டியை ஊர் முழுதும் அனுப்பினோம். பந்தலும் நாற்காலிகளும் இருந்தன, ஆள் இல்லை. இருவர் வந்தனர், அவர்களும் இரத்த அழுத்தம் பார்க்க வந்தவர்கள். அடுத்த ஊரில் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகச் சென்று, "இரவில் உறக்கம் வருகிறதா?" என்று மட்டும் கேட்டார். எண்ணைக் குறித்துக்கொண்டவர்கள் பலர்.

இரண்டாவது தவறு கடுமையானது. குத்தகைக்குப் பயிர் செய்யும் ஒருவர், நெல் நீரில் மூழ்கியபின் வீட்டைவிட்டு வெளியே வராமலிருந்தார். நிலம் வேறொருவர் பெயரில் இருந்தமையால் நிவாரணப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. நாம் எண்ணைக் கொடுத்தோம், அவர் பேசினார். அன்றிரவு உறங்கியதாக அவர் மனைவி சொன்னார். ஆனால் உறுப்பினர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், இந்தச் செய்தியைத் தேநீர்க் கடையில் எடுத்துச் சொன்னார். வாரம் முடிவதற்குள் 'அவருக்குப் புத்தி சரியில்லை' என்று ஊர் பேசலாயிற்று. நிலத்துக்காரர் மறு ஆண்டுக் குத்தகைக்குத் தயங்கினார். ஆலோசகர் மீண்டும் அழைத்தபோது அவர் எடுக்கவில்லை. செவிலியரும் மனைவியும் மன்றாடி அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல மூன்று மாதமாயிற்று. குத்தகை இன்னும் கிடைக்கவில்லை.

தொலைபேசிக்கு ஆகும் செலவை அரசு ஏற்கிறது. மருத்துவரையும் அரசு தருகிறது. ஊரில் கிடைக்காதது தனிமை ஒன்றே. ஒரே கைபேசி வீட்டார் அனைவருக்கும் பொது. ஒரே அறை அனைவருக்கும் பொது. சுவருக்கு அப்பால் பங்காளி. இந்நிலையில் ஒருவர் மனத்தைத் திறந்து பேசுவது எங்கே? வயல் வரப்பில் நின்று பேசியவரையும் நாம் அறிவோம்; பெண்களுக்கு அதுவும் இயலாது. ஊராட்சி இங்கேதான் உதவ முடியும். கிராம ஊராட்சி சேவை மையக் கட்டடங்கள் பல ஊர்களில் பெரும்பொழுது பூட்டியே கிடக்கின்றன. அவற்றில் கதவுள்ள ஓர் அறையையும், கைபேசி ஒன்றையும், வாரத்தில் இரண்டு மாலைகளையும் ஒதுக்கலாம். சாவி மகளிர் குழுப் பொறுப்பாளரிடம் இருப்பது நலம். வருவோர் பெயரை எழுதும் பதிவேடு கூடவே கூடாது. அலுவலக வழக்கத்தால் நாமே முதலில் ஒரு பதிவேடு வைக்கச் சொன்னோம். பிறகு அதைக் கிழித்தோம்.

சட்டமும் இதையே வேண்டுகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் செய்தியை இரகசியமாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார். அவரைத் தண்டித்தல் கூடாது என்றும் அது கூறுகிறது. போலீசு வழக்கு வரும் என்றஞ்சி நடந்ததை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. உறுப்பினர்கள் அவர்களிடம் இதைத் தனியே எடுத்துச் சொல்ல வேண்டும்.

பூச்சிமருந்தை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதையும் ஊராட்சி கவனிக்கலாம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சென்னை ஸ்நேகா அமைப்பினர் ஊருக்குப் பொதுவான காப்பிடம் ஒன்றை அமைத்து, வங்கிப் பெட்டகம்போல் உழவர்க்குத் தனித்தனிப் பெட்டி கொடுத்துப் பார்த்தனர். உழவர் அதனை ஏற்றுப் பயன்படுத்தினர். அவ்வளவு இயலாத ஊரில், வீட்டுக்கு ஒரு பூட்டுள்ள பெட்டியாவது போதும்.

நம் வட்டாரத்தில் இப்போது நான்கு ஊர்களில் அறை திறந்திருக்கிறது. ஐந்தாவது ஊரில் கட்டடம் தானியக் கிடங்காயிருக்கிறது. மூட்டைகளை எடுக்க உரியவர் இன்னும் இசையவில்லை. அங்கே தற்காலிகமாகப் பள்ளித் தலைமையாசிரியர், மாலையில் வகுப்பறை ஒன்றைத் தந்துள்ளார். சுவரில் எழுதியிருப்பது 'உறக்கம் வரவில்லையா? 14416' என்பது மட்டுமே.