ஸ்வர அடுக்குகளின் வரிசை எண்

புதுக்கோட்டை மாவட்டத்தில், குடுமியான்மலைக் குடைவரைக் கோயிலை அடுத்த பாறையில் காணப்படும், 7ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் இசைக் கல்வெட்டில், ஸ்வரங்கள் நான்கு நான்காகத் தொகுத்துப் பொறிக்கப்பட்டுள்ளன. வெவ்வேறான நான்கு ஸ்வரங்களை 24 விதமாகவும், ஏழு ஸ்வரங்களை 5,040 விதமாகவும் மாற்றி அடுக்கலாம். இவ்வடுக்குகளை முறையாகப் பட்டியலிடுவது பிரஸ்தாரம் எனப்படும்; பட்டியல் முழுவதையும் எழுதாமலேயே ஓர் அடுக்கின் வரிசை எண்ணைக் கண்டறிய உதவும் 'கண்டமேரு' என்னும் அட்டவணையை, 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அரசவையில் விளங்கிய சார்ங்கதேவர் தம் 'சங்கீத ரத்னாகரம்' நூலில் விளக்கியுள்ளார்.

'ஸ ரி க ம' முதல் அடுக்கு எனில், 'ரி ம ஸ க' என்பதன் இறுதியில் நிற்கும் 'க', இயல்பு வரிசையில் கடைசிக்கு ஓரிடம் முந்தையது என்பதால், மற்ற மூன்று ஸ்வரங்களின் அடுக்குகளின் எண்ணிக்கையான 6 ஒருமுறை. அதை நீக்கியபின் இறுதியில் நிற்கும் 'ஸ', எஞ்சிய 'ஸ ரி ம' வரிசையில் கடைசிக்கு ஈரிடம் முந்தையது என்பதால், மற்ற இரண்டு ஸ்வரங்களின் அடுக்குகளின் எண்ணிக்கையான 2 இருமுறை, அதாவது 4. மீதமுள்ள 'ரி ம' இயல்பாகவே நிற்பதால் 0. இவற்றின் கூட்டுத்தொகையோடு 1 சேர்க்க, அது 11ஆவது அடுக்கு என்பது தெளிவாகிறது.

ஒன்று, பத்து, நூறு என்பதற்குப் பதிலாக 1, 2, 6, 24 என வளரும் இத்தகைய இடமதிப்பு முறையை இன்றைய கணிதம் காரணீயப் பெருக்க எண்முறை என்கிறது. கணினியில் வரிசை மாற்றங்களுக்கு எண்ணிடப் பயன்படும் அவ்வழியை, இந்திய இசையறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கையாண்டது போற்றத்தக்கது.