இரவு ஷிப்டில் இதயம் காக்கும் செவிலியர்

ராயகிரியில் இரவு பதினொரு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், வீட்டில் எழும் முதல் பேச்சு பெரும்பாலும் வாயுவைப் பற்றியதாகத்தான் இருக்கும். “சாப்பிட்டது செரிக்கல, ஓமத்தண்ணி குடிங்க” என்பார்கள். கடையில் சோடா வாங்கி வருவார்கள். நெஞ்சில் தைலம் தேய்த்துவிடுவார்கள். வலி இடது தோளுக்கு ஏறி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்த பிறகுதான் வண்டி தேடுவார்கள்.

அதற்குள் போன நேரத்தைத் திரும்பப் பெற முடியாது. சிவகிரிக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கும் இந்தப் பேரூராட்சி, 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆகும்வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. மாவட்டம் மாறினாலும் தூரம் மாறவில்லை. இதயக் குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சங்கரன்கோவில் வழியாகப் போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

தாமதம் ராயகிரிக்கு மட்டும் உரியதல்ல. இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் 20,468 இதய நோயாளிகளைப் பின்தொடர்ந்த ‘கிரியேட்’ ஆய்வு, 2008-ல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. நோயாளிகளில் பாதிப் பேர் வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குப் பிறகே மருத்துவமனைக்கு வந்திருந்தார்கள். ஏழை நோயாளிகளில் 8.2 சதவீதம் பேர் 30 நாட்களுக்குள் இறந்தார்கள், வசதியானவர்களில் 5.5 சதவீதம் பேர். ஏழைகளுக்குக் கிடைத்த சிகிச்சையும் குறைவாகவே இருந்தது.

பிரசவத்துக்கு வந்த ஏற்பாடு

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இரவில் வருபவரை எதிர்கொள்வது யார்? அநேகமாக ஒரு செவிலியர்தான். தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஷிப்டுகளிலும் செவிலியர் இருக்கும் முறை, கிராமத்துப் பெண்களின் பிரசவம் பாதுகாப்பாக நடக்க வேண்டும் என்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. பேறுகால மரணங்களைக் குறைத்த அதே ஏற்பாடு இன்று மாரடைப்புக்காரருக்கும் முதல் கதவாகிவிட்டது.

2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இந்தக் கதவைச் சற்று அகலமாகத் திறந்தது. மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு, மேல் மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே 14 மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. ஆரம்ப சுகாதார நிலையங்களோடு துணை சுகாதார நிலையங்களிலும் இவை இருப்பு வைக்கப்பட்டுள்ளன.

சில மாத்திரைகளால் என்ன ஆகிவிடும் என்று எண்ண வேண்டாம். 17,187 நோயாளிகளிடம் நடந்து 1988-ல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், ஆஸ்பிரின் மட்டுமே இதய, ரத்தக்குழாய் மரணங்களை 23 சதவீதம் குறைத்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸையும் சேர்த்துக் கொடுத்தபோது மரணங்கள் 42 சதவீதம் குறைந்தன.

மாத்திரைக்கும் முந்தியது இசிஜி. நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் அதை எடுத்துவிட வேண்டும் என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, சர்க்கரை உண்டா, அண்மையில் அறுவை சிகிச்சையோ ரத்தக்கசிவோ நடந்ததா என்று விசாரித்துக்கொண்டே மார்பில் லீடுகளைப் பொருத்தும் கைகள் செவிலியருடையவை. சர்க்கரை நோயாளிக்கு வலியே இல்லாமல் மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். அதைப் பார்த்தவுடன் சந்தேகிக்கிற கண் பயிற்சியால்தான் வரும்.

அதிகாரம் கைமாறிய நாள்

மாரடைப்பு வந்தவர்களைத் தனி அறையில் மானிட்டரோடு வைத்துக் கவனிக்கும் சிசியூ என்ற ஏற்பாடு 1962-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில், பெத்தனி மருத்துவமனையில் டாக்டர் ஹியூஸ் டே தொடங்கியது. மாரடைப்பின் முதல் மணி நேரங்களில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதயத் துடிப்பு திடீரெனத் தாறுமாறாவதுதான். அப்போது மின்னதிர்ச்சி கொடுத்தால் பிழைக்க வைக்கலாம். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். அந்தக் காலத்தில் மின்னதிர்ச்சி கொடுக்கும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே இருந்தது. மானிட்டரில் ஆபத்து தெரிந்தாலும், செவிலியர் மருத்துவரை அழைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பிலடெல்பியாவில் டாக்டர் லாரன்ஸ் மெல்ட்சரும் செவிலியர் ரோஸ் பின்னியோவும் 1963-ல் இதை மாற்றிக் காட்டினார்கள். துடிப்பின் கோளாறுகளைப் படிக்கவும், மருத்துவர் வரும் முன்பே மின்னதிர்ச்சி கொடுக்கவும் செவிலியருக்குக் கற்றுத் தந்தார்கள். நியூயார்க்கில் டாக்டர் தாமஸ் கில்லிப்பும் டாக்டர் ஜான் கிம்பலும் 250 நோயாளிகளின் அனுபவத்தை 1967-ல் வெளியிட்டபோது, பயிற்சியும் அதிகாரமும் பெற்ற செவிலியர் பக்கத்தில் இருப்பதன் பலன் மருத்துவ உலகத்துக்குத் தெளிவாயிற்று. கருவி மட்டும் யாரையும் பிழைக்க வைக்கவில்லை.

தமிழகமும் இதற்கொரு சாட்சி வைத்திருக்கிறது. கோவையின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்று நடத்திய ‘தமிழ்நாடு ஸ்டெமி’ (இதயக் குழாய் முழுதாக அடைபடும் மாரடைப்பு வகை) திட்டத்தில், கேத் லேப் உள்ள நான்கு பெரிய மருத்துவமனைகளோடு சுற்றுவட்டாரச் சிறு மருத்துவமனைகள் இணைக்கப்பட்டன. சிறிய இடத்தில் இசிஜி எடுத்து அனுப்புவது, அங்கேயே கட்டி கரைக்கும் மருந்தை ஏற்றுவது, 108 ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு மாற்றுவது என்று வேலை பிரிக்கப்பட்டது. 2,420 நோயாளிகளின் விவரங்களோடு 2017-ல் ‘ஜாமா கார்டியாலஜி’ இதழில் முடிவுகள் வந்தன. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. ராயகிரி போன்ற ஊருக்குப் பொருந்தும் வழி இதுதான்: பெரிய மருத்துவமனையைப் பக்கத்தில் கொண்டுவர முடியாவிட்டாலும், சிகிச்சையின் தொடக்கத்தைப் பக்கத்தில் கொண்டுவர முடியும்.

படுக்கையருகே நடப்பது

கட்டி கரைக்கும் மருந்து ஏறும்போது செவிலியர் அந்தப் படுக்கையை விட்டு நகர முடியாது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஏறும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். உடனே சொட்டின் வேகத்தைக் குறைத்து மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். ஈறில் ரத்தம் கசிகிறதா, சிறுநீர் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேச்சு குழறினாலோ தலைவலி என்று முனகினாலோ மூளையில் ரத்தக்கசிவாக இருக்கலாம். தசையில் ஊசி போடக் கூடாது. மருந்து தொடங்கி 60 முதல் 90 நிமிடங்களுக்குள் மறுபடியும் இசிஜி எடுத்து, அடைப்பு திறந்ததா என்று பார்க்க வேண்டும்.

பழைய பழக்கங்களும் மாறியிருக்கின்றன. நெஞ்சுவலி என்றாலே ஆக்சிஜன் மாஸ்க் மாட்டுவது நெடுநாள் வழக்கம். 6,629 பேரிடம் சுவீடனில் நடந்து 2017-ல் வெளிவந்த ஆய்வு, ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருப்பவருக்கு அதனால் பயனில்லை என்று காட்டியது. வாரக்கணக்கில் அசையாமல் படுக்க வைக்கும் வழக்கத்தை 1952-லேயே சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் கேள்விக்குள்ளாக்கி, நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இன்று சிக்கல் இல்லாத நோயாளியைச் சீக்கிரமே எழுப்பி நடக்க வைப்பது செவிலியரின் பொறுப்பு.

வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்துவது, வாயைச் சுத்தம் செய்வது, படுக்கைப்புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பது, மணிக்கு மணி சிறுநீரை அளப்பது ஆகியவற்றை வெளியில் நிற்கும் உறவினர்கள் பார்ப்பதில்லை. நிமோனியாவும் சிறுநீரகக் கோளாறும் இந்த வேலைகளின் நடுவேதான் தடுக்கப்படுகின்றன, அல்லது முன்கூட்டியே பிடிபடுகின்றன. மலச்சிக்கலோடு முக்குவது பலவீனமான இதயத்துக்குச் சுமை என்பதால், “இன்னிக்கு வெளிக்கிப் போனீங்களா?” என்று கேட்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

எண்ணிக்கை பேசும்

இத்தனையும் ஒருவர் எத்தனை பேருக்குச் செய்ய முடியும்? தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது நம் நாட்டின் பணியாளர் நெறிமுறை. பொது வார்டில் ஆறு பேருக்கு ஒருவர். நடைமுறை இதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதை அரசு மருத்துவமனை வார்டில் ஓர் இரவு உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நோயாளிகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கன் குழு, செவிலியர் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினால் 30 நாட்களுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதை 2014-ல் வெளியிட்டது.

எண்ணிக்கையைப் போலவே வேலையின் நிலையும் முக்கியம். தமிழகத்தில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் 2015 தேர்வில் வென்று வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டார்கள். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் உள்ள டிஎம்எஸ் வளாகத்தில் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் திரண்டார்கள். தொகுப்பூதியம் பிறகு படிப்படியாக உயர்த்தப்பட்டது. உயிரைக் கையில் ஒப்படைக்கிறோம் என்றால், அந்தக் கைக்கு நிலையான வேலையும் முறையான ஓய்வும் தர வேண்டும். இது அவர்கள் மீதான இரக்கம் அல்ல, நோயாளியின் பாதுகாப்பு.

வீடு திரும்பிய பிறகு

அடைப்பு நீக்கிய இதயக் குழாய் மூடாமலிருக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் வைத்தவர் ‘உடம்பு தேறிருச்சு’ என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால், ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி உருவாகலாம். டிஸ்சார்ஜ் அன்று செவிலியர் நிதானமாக உட்கார்ந்து சொல்லும் பத்து நிமிடம் அதனால்தான் முக்கியமாகிறது. பெங்களூரின் டாக்டர் டெனிஸ் சேவியர் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் தொடர்ந்து சந்தித்துப் பேசிய நோயாளிகள் மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. மாரடைப்பிலிருந்து மீண்டவருக்கும் அந்த வருகை பெரிய துணை.

ராயகிரியின் குடும்பங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நெஞ்சில் பாரமோ அடைப்போ வந்து பத்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். நோயாளியை நடக்க விடக் கூடாது, பைக்கின் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகவும் கூடாது. வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும் பழைய இசிஜியையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். இரவு ஷிப்டில் இருக்கும் செவிலியர் முதலில் கேட்கப்போவது இவற்றைத்தான்.