கியர் மாறாத கியர்பாக்ஸ்... தொடும் முன் 10 நிமிடம்!

டொயோட்டா ப்ரியஸ் காரில் ரிவர்ஸ் கியரே கிடையாது, தெரியுமா? 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஹைபிரிட் கார் இது. பின்னால் போவதற்கென்று தனியாக ஒரு பல்சக்கரம்கூட உள்ளே இல்லை! மின் மோட்டாரை எதிர்ப்பக்கம் சுற்றவிட்டால் கார் பின்னால் போகும். அவ்வளவுதான்!

இன்னும் கேளுங்கள். கிளட்ச் இல்லை! டார்க் கன்வெர்ட்டர் இல்லை! தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை! ஆல்டர்னேட்டரும் இல்லை! இந்தக் கியர்பாக்ஸின் பெயர் என்னவோ இ-சிவிடி. ஆனால் வழக்கமான சிவிடிகளில் ஓடுகிற பெல்ட் இதில் இல்லவே இல்லை!

பிறகு என்னதான் இருக்கிறது? நடுவில் 30 பல் சக்கரம், அதைச் சுற்றி 23 பல் குட்டிச் சக்கரங்கள், வெளியே 78 பல் வளையம். கார் அசையாமல் நிற்கிறது, இன்ஜின் மட்டும் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்று வையுங்கள். நடுச் சக்கரத்தோடு சேர்ந்த மோட்டார் எத்தனை சுற்று சுற்றும்? 3,600!

தேய கிளட்ச் இல்லை, அறுந்துபோக பெல்ட் இல்லை. அப்படியானால் 'டிரான்ஸ்மிஷன் கோளாறு' எங்கிருந்து வருகிறது? சென்சாரிலிருந்து, ஒயரிலிருந்து, கம்ப்யூட்டரிலிருந்து... ஏன், ஆயிலிலிருந்துகூட வரும்! அந்தக் கதை கடைசியில்.

ஸ்கேனரில் 'பி0700' என்ற கோளாறுக் குறியீடு, அதாவது 'கோடு', வந்தால் கியர்பாக்ஸ் காலியா? இல்லை! டிரான்ஸ்மிஷனைக் கவனிக்கும் கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்பதற்கு மேல் அந்தக் கோடு எதுவும் சொல்வதில்லை. உண்மையான கோடு உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கும். இதை மட்டும் பார்த்துவிட்டு கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்!

பல நூறு வோல்ட் காரை முடக்கிப்போட ஒரு குட்டி 12 வோல்ட் பேட்டரி போதும், தெரியுமா? பெரிய பேட்டரியைக் காரோடு இணைக்கும் ரிலேக்களை இழுத்துப் பிடிப்பதே இந்த 12 வோல்ட்தான்! இரண்டாம் தலைமுறை ப்ரியஸில் பார்க்கிங் பூட்டைத் திறப்பதும் இதுதான். இது செத்தால் வண்டி 'பி'யிலேயே நின்றுவிடும்! விவரமான மெக்கானிக் முதலில் மீட்டரை வைப்பது இதில்தான்.

வீட்டு பிளக்கில் 230 வோல்ட். இரண்டாம் தலைமுறை ப்ரியஸ் பேட்டரியில் 201.6 வோல்ட். 'இவ்வளவுதானா?' என்கிறீர்களா? பொறுங்கள்! இன்வெர்ட்டர் அதை 500 வோல்ட் வரை தூக்கும். மூன்றாம் தலைமுறையில் 650! போர்ஷே டைகானில் 800 வோல்ட் அமைப்பு! அது எங்கோ ஜெர்மனியில் என்று நினைக்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்படும் ஹூண்டாய் ஐயோனிக் 5 காரிலும் அதே 800 வோல்ட் அமைப்புதான்!

எத்தனை வோல்ட்டுக்கு மேல் போனால் 'உயர் வோல்ட்' தெரியுமா? கார்களுக்கான ஐ.நா. விதிப்படி டிசியில் வெறும் 60! அதற்கு மேல் போகும் வெளிக் கேபிளுக்கெல்லாம் ஆரஞ்சு உறை. பானெட்டைத் திறந்ததும் ஆரஞ்சு தெரிகிறதா? கையை எடுங்கள்!

காரை ஆஃப் செய்தாயிற்று, பேட்டரியையும் பிரித்தாயிற்று. இனி பயமில்லையா? இருக்கிறது! இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கபாசிட்டர்கள் கரன்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அது வடிய மாடலைப் பொறுத்து 5 முதல் 10 நிமிடம் ஆகும். டீ குடித்துவிட்டு வரலாம்!

ஆனால் அந்த 10 நிமிடத்துக்கு முன்னால் ஒரு பெரிய சடங்கே இருக்கிறது. முதலில் ஸ்கேனரை மாட்டி எல்லாக் கோடுகளையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் தெரியுமா? 12 வோல்ட்டைக் கழற்றினால் சில கார்களில் பதிவெல்லாம் அழிந்துவிடும், தடயம் போச்சு! அடுத்து சாவி. அதைக் காரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும்! சட்டைப் பையில் ஸ்மார்ட் சாவி இருந்தால், யாரோ பட்டனைத் தொட்டதும் கார் உயிர் பெற்றுவிடும். சத்தமே வராது, டேஷ்போர்டில் 'ரெடி' விளக்கு மட்டும் எரியும்! பிறகு 12 வோல்ட்டின் மைனஸைக் கழற்ற வேண்டும். அதன் பிறகுதான் ப்ரியஸின் டிக்கியில் சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கும் ஆரஞ்சுப் பிடி, அதாவது சர்வீஸ் பிளக். அதை உருவியெடுத்தால் பெரிய பேட்டரியின் சுற்று நடுவிலேயே அறுந்துவிடும்.

உருவிய பிளக்கை எங்கே வைப்பது? மேஜையிலா? டூல் பெட்டியிலா? வேலை செய்பவரின் பாக்கெட்டில்! டொயோட்டாவின் சர்வீஸ் கையேடே அப்படித்தான் சொல்கிறது. வேறொரு மெக்கானிக் தெரியாமல் திரும்பச் செருகிவிடக் கூடாதாம்! எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிகவும் பிடித்த வரி இதுதான்.

கையுறை? சாதா ரப்பர் கையுறை உதவாது! 'கிளாஸ் 0' வேண்டும். ஏசி கரன்ட்டில் 1,000 வோல்ட் வரை வேலை செய்யலாம், ஆனால் அதைச் சோதிப்பது 5,000 வோல்ட்டில்! அமெரிக்கப் பாதுகாப்பு விதிப்படி 6 மாதத்துக்கு ஒருமுறை மறுசோதனை. இது போதாதென்று, ஒவ்வொரு முறை போடும்முன் வாய்ப்பக்கத்தைச் சுருட்டி, பலூன் மாதிரி காற்றை அடைத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். ஊசித்துளை இருந்தால் உஸ்ஸென்று தெரிந்துவிடும்! ரப்பருக்கு மேல் ஒரு தோல் கையுறை வேறு. மனிதனுக்காக ரப்பர், ரப்பருக்காகத் தோல்!

மோதிரம், வாட்ச், செயின், கை வளையம் எல்லாம் கழன்றாக வேண்டும். வெள்ளி அரைஞாணும்தான், சிரிக்காதீர்கள்!

'0 வோல்ட்' என்று மீட்டர் காட்டினால் நம்பலாமா? மீட்டரே செத்திருந்தால்? அதனால் மூன்று முறை அளக்கிறார்கள்! முதலில் கரன்ட் இருப்பது தெரிந்த இடத்தில், பிறகு காரில், மறுபடியும் அந்தத் தெரிந்த இடத்தில். முதலிலும் கடைசியிலும் சரியாகக் காட்டினால்தான் நடுவில் வந்த பூஜ்யம் பூஜ்யம்!

காரைக் கயிறு கட்டி இழுத்தால் கரன்ட் உற்பத்தியாகும், தெரியுமா? மோட்டாரின் சுழலும் பகுதியில் நிரந்தரக் காந்தங்கள். சக்கரம் உருண்டால் அதுவும் சுற்றும், சுற்றினால் ஜெனரேட்டர்! பழுதான காரை ஓட்டுசக்கரம் தரையில் படாமல் ஏற்றிக்கொண்டு போகச் சொல்வது இதனால்தான். மோட்டாரைப் பிரிக்கும் இடத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பக்கத்திலேயே நிற்கக் கூடாது, காந்தம் அவ்வளவு வலுவானது!

மின்சார காரில் பெரும்பாலும் ஒரே கியர்தான். முதல் டெஸ்லா ரோட்ஸ்டருக்கு இரண்டு கியர் போட நினைத்தார்கள். தாக்குப்பிடிக்கவில்லை, ஒரே கியருக்கு மாறினார்கள்! போர்ஷே டைகானோ பின்பக்க மோட்டாருக்கு 2 கியர் வைத்து ஓடுகிறது.

சரி, அந்த ஆயில் கதை! சாதாரண காரில் 12 வோல்ட்டின் மைனஸ் பாடியோடு சேர்ந்திருக்கும். உயர் வோல்ட்டிலோ பிளஸ்ஸும் பாடியைத் தொடாது, மைனஸும் தொடாது! ஓரிடத்தில் கசிந்தால் ஷாக்கே அடிக்காது. ஆபத்து இரண்டாவது கசிவில்! அதனால் கம்ப்யூட்டர் முதல் கசிவையே ஓயாமல் தேடும். மோட்டார் சேர்ந்த சுற்றில் ஒரு வோல்ட்டுக்கு 500 ஓம் தடை வேண்டும் என்கிறது ஐ.நா. விதி. 400 வோல்ட் காருக்கு 2 லட்சம் ஓம்! கசியக்கூடியது அதிகபட்சம் 2 மில்லி ஆம்பியர்!

தடை குறைந்தால் டொயோட்டாவில் வரும் கோடு பி0ஏஏ6. கசிவு எங்கே என்று சொல்ல அதோடு மூன்றிலக்க எண் ஒன்று ஒட்டிக்கொள்ளும். 612 என்றால் பேட்டரி, 613 என்றால் கியர்பாக்ஸ். சாதா மல்டிமீட்டர் சில வோல்ட்டில் தடையை அளப்பதால் இந்தக் கசிவு பிடிபடாமல் தப்பிவிடும். 500 வோல்ட் அனுப்பி இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர் வேண்டும்! ப்ரியஸ் மோட்டாரின் செம்புச் சுருள் கியர் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்கிறது, தெரியுமா? ஆயிலே இன்சுலேஷன் மாதிரி கரன்ட்டைத் தடுக்க வேண்டும். தப்பான ஆயிலோ இரும்புத் தூளோ கலந்தால் 613 எட்டிப் பார்க்கும்!

611 என்றால்? ஏசி! கம்ப்ரஸரும் உயர் வோல்ட்டில்தான் ஓடுகிறது, அதற்கும் கரன்ட் கடத்தாத தனி ஆயில். கேஸ் நிரப்பும்போது சாதா காரின் ஏசி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் போதும், கார் ஸ்டார்ட் ஆக மறுக்கலாம், பல்லாயிரம் ரூபாய் கம்ப்ரஸரையே மாற்ற நேரலாம்!