வேரில் ஒரு மணல்வாசல்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பேருந்துகளின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே புத்தரிக்கண்டம் மைதானம் இருக்கிறது. பொருட்காட்சியும் பொதுக்கூட்டமும் நடக்கிற இடம். பெயரை மட்டும் பிரித்துப் பார்த்தால் பழைய கதை வெளியே வரும். புத்தரி என்றால் புது அரிசி, கண்டம் என்றால் வயல். பத்மநாபசுவாமி கோயிலின் நிறபுத்தரிச் சடங்குக்குக் கதிர் தந்த நிலம் அது. அந்த வயலில் இறங்கிக் களை பறித்தவர்களின் கைகளில் கீறல்கள் இருந்திருக்கும், ஏனென்றால் நெல்லின் தோகை அறுக்கும். ஓரத்தில் வரிசையாக நிற்கும் கண்ணுக்குத் தெரியாத முட்கள்தான் அறுக்கின்றன. அந்த முட்களில் இருப்பது சிலிக்கா, அதாவது மணலுக்கும் கண்ணாடிக்கும் மூலமான அதே பொருள்.

உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறைக்கும் வைக்கோல்புரியால் வெண்கலப் பானை தேய்த்தவர்களுக்கும் இது கைப்பழக்கமாகத் தெரிந்த விஷயம். அழுக்கை உரசி எடுத்தது நெல் தன் உடம்பில் சேர்த்து வைத்த சிலிக்கா. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் மறுபடியும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு சிலிக்கா. வைக்கோலின் உலர்ந்த எடையில்கூடப் பத்தில் ஒரு பங்கு வரை அதுவாக இருக்கலாம். உரக்கடைக்காரர் மூச்சுக்கு மூச்சு சொல்கிற தழைச்சத்தைவிட நெற்பயிர் அதிகமாக வாங்கிக்கொள்வது சிலிக்காவைத்தான்.

இப்போது இந்தச் சிலிக்கா ஒரு புதிய சந்தையில் விற்பனைச் சரக்காகியிருக்கிறது. 2018 அக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடாவில் பெரிய பெரிய கண்ணாடிக் கூடங்களில் அந்தச் செடி வளர்கிறது. அதன் தண்டு தடிக்கும், நோய் அண்டாது, மகசூல் பெருகும் என்ற வாக்குறுதிகளோடு சிலிக்கா திரவம் குப்பி குப்பியாக விற்கப்படுகிறது. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சா வளர்ப்பது குற்றம். நாருக்கும் விதைக்குமாகப் பயிரிட அரசு அனுமதி தர அதே சட்டத்தில் இடமும் உண்டு. உத்தரகாண்ட் மாநிலம் அந்த வழியில்தான் நார்க்கஞ்சாவுக்கு உரிமம் தரத் தொடங்கியது. குப்பியின் மேல் எழுதியிருப்பது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க, நெல்லிடமிருந்துதான் தொடங்கவேண்டும். செடிக்கும் சிலிக்காவுக்கும் உள்ள உறவு மிகத் தெளிவாகத் துலங்கியது நெல்லில்தான்.

அதற்கு முன் சாலைக் கடைத்தெருவை ஒரு நடை பார்த்துவிடலாம். கிழக்கேகோட்டையிலிருந்து கிழக்கே நீளும் இந்தத் தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கியது. நாஞ்சில் நாட்டு நெல்லும் அரிசியும் திருவிதாங்கூர்த் தலைநகருக்குள் வந்து இறங்கிய சந்தை இது. இத்தகைய தெருக்களின் நாட்டுமருந்துக் கடைகளுக்கு மூங்கிலுப்பு என்ற சரக்கு பழக்கமானது, அதுவும் சிலிக்காக் கதைதான். மூங்கிலின் கணுக்களுக்கிடையே நீர் வற்றி உறைந்த வெண்கட்டி. இது என்ன பொருள் என்ற கேள்விக்கு விடை தேடியவர்களில் ஒருவர் பாட்ரிக் ரஸ்ஸல். இந்தியப் பாம்புகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அதே மருத்துவர்தான். அவர் அனுப்பிய மூங்கிலுப்பை லண்டனில் சோதித்துப் பார்த்தார் ஓர் இளம் வேதியியலாளர். 1791இல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியான அவரது கட்டுரை, அது சிலிக்காவின் தன்மை கொண்டது என்று காட்டியது. அந்த இளைஞர்தான் ஜேம்ஸ் ஸ்மித்சன். பின்னாளில் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் எழுந்தது அவர் விட்டுச் சென்ற சொத்தில்.

மணல் எப்படிச் செடிக்குள் ஏறும் என்று கேட்பது நியாயம். மணலாக ஏறாது. மண்ணிலுள்ள சிலிகேட் கனிமங்கள் நீரில் மிக மெதுவாகக் கரைந்து சிலிசிக் அமிலமாகின்றன. மின்னூட்டம் இல்லாத அந்தச் சிறு மூலக்கூறைத்தான் வேர் குடிக்கிறது. ஆற்றுமணலின் குவார்ட்ஸ் அநேகமாகக் கரைவதேயில்லை. அதனால் மணல் மேட்டில் நிற்கும் பயிருக்குச் சிலிக்கா குறைவது விந்தையல்ல.

குடிப்பதற்கு ஒரு வாசல் வேண்டும். ஜப்பானின் ஒகயாமா பல்கலைக்கழகத்தில் ஜியான் ஃபெங் மா என்ற ஆய்வாளரின் குழு, சிலிக்காவை வாங்க மறுத்த ஒரு திரிபு நெல்லை எடுத்துக்கொண்டு, அதில் பழுதான மரபணு எது என்று தேடியது. 2006இல் விடை கிடைத்தது. வேர்ச் செல்லின் வெளிப்பக்கத்தில் நின்று சிலிசிக் அமிலத்தை உள்ளே விடும் ஒரு புரதம். அதற்கு எல்எஸ்ஐ1 என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டே, அதே செல்லின் மறுபக்கத்தில் நின்று சிலிக்காவைச் செல்லிலிருந்து வேரின் உட்புறத்துக்குத் தள்ளிவிடும் எல்எஸ்ஐ2 கிடைத்தது. ஒன்று வாசல், மற்றொன்று ஏற்றம். இரண்டும் சேர்ந்து இறைப்பதை நீரோட்டம் இலைக்குக் கொண்டுபோகிறது. இலையில் நீர் ஆவியாகிறது, சிலிக்கா செறிந்து உறைகிறது, மேல்தோலுக்கடியில் கண்ணாடிக் கவசம்போல ஓர் அடுக்கு உருவாகிறது. உறைந்தது உறைந்ததுதான். பழைய இலையிலிருந்து புதுத் துளிருக்கு அதை மாற்ற முடியாது. ஆகவே செடி வளரும் காலம் முழுக்கச் சிலிக்கா வந்துகொண்டே இருக்கவேண்டும்.

எல்லாச் செடிக்கும் இந்த வசதி ஒரே அளவில் இல்லை. நெல்லும் கரும்பும் வாரிக் குடிக்கும், வெள்ளரி நடுத்தரம், தக்காளி மிகக் கொஞ்சம். கஞ்சா எந்தப் பக்கம்? 2019இல் வெளியான ஓர் ஆய்வு, கஞ்சாவின் மரபணுத் தொகுதியில் நெல்லின் வாசலைப் போன்ற ஒரு புரதத்துக்கான மரபணு இருப்பதையும், அதன் திசுக்களில் சிலிக்கா படிவதையும் காட்டியது.    ஆக, வாசல் இருக்கிறது. குப்பி விற்பவர் சொல்வதில் இந்தப் பாதி சரி.

மறுபாதியில்தான் நிதானம் வேண்டும். தாவரத்துக்கு இன்றியமையாத சத்து எது என்பதற்கு 1939இல் ஆர்னனும் ஸ்டவுட்டும் ஓர் இலக்கணம் வகுத்தார்கள். அது இல்லாமல் செடியால் தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க முடியக் கூடாது என்பது அதில் முதல் விதி. சிலிக்கா அந்தப் பட்டியலில் ஏறவில்லை, பெரும்பாலான செடிகள் அது இல்லாமலும் பூத்துக் காய்த்துவிடுகின்றன. ஆனால் ஆய்வகத் தொட்டிக்கு வெளியே, வெயிலும் பூச்சியும் பூஞ்சையும் உள்ள இடத்தில் நிலைமை வேறு. மேலே சொன்ன திரிபு நெல் திறந்த வயலில் பூச்சிக்கும் நோய்க்கும் எளிதில் இரையானது, அதன் மகசூல் கடுமையாகச் சரிந்தது. சிலிக்கா நிறைந்த நெல்லில் குலைநோய் குறைகிறது. தண்டு துளைக்கும் புழுவின் தாடை தேய்கிறது. காற்றடித்தால் பயிர் சாய்வது குறைகிறது. சிலிக்காவைச் சோறு என்று சொல்வதைவிடக் கவசம் என்று சொல்வது பொருத்தம். சண்டை இல்லாத இடத்தில் கவசம் அணிந்தவனுக்கும் அணியாதவனுக்கும் வித்தியாசம் தெரியாது.

இங்கிலாந்தின் ரோத்தாம்ஸ்டெட்டில் ஒரு பழைய சோதனை வயல் உண்டு. அங்கே பார்லிப் பயிருக்கு 1862 முதல் சோடியம் சிலிகேட் போட்டுப் பார்த்தார்கள். பலன் பளிச்சென்று தெரிந்தது மணிச்சத்து போடாத பாத்திகளில்தான். எங்கே குறை இருக்கிறதோ அங்கேதான் சிலிக்கா கை கொடுக்கிறது. ஜப்பான் இதைப் புரிந்துகொண்டு 1955இலேயே இரும்பாலைக் கசடிலிருந்து எடுத்த சிலிகேட்டை நெல்லுக்கு உரமாக ஏற்றுக்கொண்டது.

கஞ்சாவில் சான்றுகள் இன்னும் மெல்லியவை. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இளம் நார்க்கஞ்சாச் செடிகளுக்குச் சிலிக்கா கொடுத்துப் பார்த்தார்கள். நச்சு உலோகமான காட்மியத்தை அவை உறிஞ்சுவது குறைந்தது, ஆனால் வளர்ச்சி கூடவில்லை. குறுகிய காலச் சோதனைதான் என்றாலும் அது சொல்வது தெளிவு. துன்பம் வரும்போது உதவலாம், தானாகச் செடியைப் பெருக்கிவிடாது. கூடங்களில் கஞ்சாவை வாட்டும் முக்கிய நோய்களில் ஒன்று சாம்பல் நோய். வெள்ளரியில் அதைச் சிலிக்கா தணிப்பது நன்றாக நிறுவப்பட்டது. கஞ்சாவிலும் அப்படி நடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பூவின் எடை கூடும், வீரியம் ஏறும் என்கிற வாக்குறுதிகளுக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை.

செடி எதில் நிற்கிறது என்பதும் கணக்கில் சேரவேண்டும். சாதாரண வயல்மண் கொஞ்சமாவது சிலிசிக் அமிலத்தை இலவசமாகத் தருகிறது. வெளிநாட்டுக் கூடங்களில் செடி பெரும்பாலும் மண்ணில் நிற்பதில்லை. பொள்ளாச்சியிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் கட்டி கட்டியாகக் கப்பலேறும் தேங்காய்நார்த் தூளில்தான் பல இடங்களில் நிற்கிறது. அதில் செடிக்குக் கிடைக்கும் சிலிக்கா சொற்பம். அங்கே குப்பிக்கு ஒரு நியாயம் உண்டு. அந்தத் திரவம் பெரும்பாலும் பொட்டாசியம் சிலிகேட், கடும் காரத்தன்மை கொண்டது. அடர்த்தியாக இருக்கும்போதே மற்ற உரங்களோடு கலந்தால் கூழாகத் திரிந்து குழாயை அடைக்கும். முதலில் நிறையத் தண்ணீரில் அதைக் கரைத்துக்கொண்டு மற்றதைப் பிறகு சேர்க்கவேண்டும்.

கேரளத்து மண்ணின் கதை இன்னும் சுவையானது. 1800இல் மலபார் வழியாகப் பயணம் செய்த ஃபிரான்சிஸ் புக்கானன், அங்காடிப்புரத்தில் ஒரு விசித்திரக் கல்லைப் பார்த்தார். தரைக்குள் இருக்கும்போது மண்வெட்டிக்கு வசப்படும், காற்றுப்பட்டதும் இறுகிச் செங்கல்லாகும். 1807இல் வெளியான தன் நூலில் அதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். நாம் வெட்டுக்கல், செம்புரைக்கல் என்று சொல்வது அதைத்தான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையும் ஓயாத வெப்பமும் நெடுங்காலமாகப் பாறையிலிருந்த சிலிக்காவைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. மிஞ்சியவை இரும்பும் அலுமினியமும், அந்த இரும்புதான் கல்லின் சிவப்பு. இந்தச் செம்மண் சரிவுகளின் அடியில் இருக்கும் வயல்களில் தண்ணீர்மேல் துருநிறப் படலம் மிதக்கும், கரைந்த இரும்பு நெல்லை வாட்டும். சிலிக்கா போதுமான அளவு இருந்தால் வேர் வெளியிடும் பிராணவாயு கூடி, இரும்பு வேருக்கு வெளியிலேயே படிந்து நின்றுவிடுகிறது. இந்த மண்ணில் சிலிக்கா உரம் வீண் ஆடம்பரமல்ல.

அதற்குக் குப்பி தேடி அலையவும் வேண்டியதில்லை. சிலிகேட்டைக் கரைத்துக் கொடுக்கும் பாக்டீரியாவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உயிர் உரமாகத் தருகிறது. உமிச்சாம்பல் ஆலைகளில் மலைபோலக் குவிகிறது. மிதமான சூட்டில் மெல்ல எரிந்த சாம்பல் மண்ணில் ஓரளவு கரையும். கொதிகலனின் கடும் வெப்பத்தில் எரிந்ததோ படிகமாகி இறுகிவிடுகிறது, கரைவது அரிது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் அள்ளுகிறவர் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளவேண்டும். எல்லாவற்றிலும் எளிது வைக்கோலை வயலுக்கே திருப்பித் தருவது. நன்கு விளைந்த ஒரு ஹெக்டேர் நெல், மண்ணிலிருந்து சிலிக்காவின் அடிப்படைத் தனிமமான சிலிக்கானை 200 கிலோவுக்கும் மேல் எடுத்துக்கொள்கிறது, அதில் பெரும்பங்கு தாளிலும் தோகையிலும் நிற்கிறது.

தமிழ்நாட்டு வயல்களிலிருந்து அந்த வைக்கோல்தான் அறுவடைக்குப் பிறகு லாரி லாரியாகக் கேரளத்து மாட்டுத்தொழுவங்களுக்குப் போகிறது. மாடு அந்தச் சிலிக்காவைச் செரிப்பதில்லை. சாணத்தோடு அது தென்னைக்கும் வாழைக்கும் அடியில் செம்மண்ணுக்குள் இறங்குகிறது. மழை கொண்டுபோனதில் கொஞ்சம் அங்கே திரும்பி வருகிறது. வைக்கோல் புறப்பட்ட வயலில் அடுத்த நடவுக்கு உழவு தொடங்கிவிடுகிறது.